தங்கம் தேடிப் போனார்... கதை கொண்டு வந்தார்!



திருச்சி மலைக்கோட்டையில் உச்சிப் பிள்ளையாரைத் தரிசிக்க எத்தனை படிகள் ஏற வேண்டும் தெரியுமா? 400க்கும் மேற்பட்ட படிகள். கையை வீசிக் கொண்டு ஏறினாலே தாயுமானவர் சன்னதி வருவதற்குள் மூச்சு வாங்கும். இப்போது ஒரு கற்பனை செய்து பாருங்கள். உங்கள் முதுகில் 45 கிலோ மூட்டை. சிமென்ட் மூட்டைக்குச் சற்றுக் குறைவு. அதைச் சுமந்து கொண்டு உச்சிக்கு ஏறி, இறக்கி வைத்து விட்டு, கீழே வந்து அடுத்த மூட்டையைத் தூக்க வேண்டும். இப்படி 20 மூட்டைகள்!

முடியாது என்கிறீர்களா? மலைக்கோட்டையைவிடப் பல மடங்கு உயரமான ஒரு மலையில், 21 வயது இளைஞர் ஒருவர் இப்படித்தான் சுமந்து ஏறினார். அவர் போனது பூமியின் வட கோடிக்குப் பக்கத்தில் உள்ள பனி நாட்டுக்கு. தங்கம் எடுக்கப் போனார், தங்கம் கிடைக்கவில்லை. ஆனால், உலகம் முழுவதும் உள்ள குழந்தைகள் நூறு ஆண்டுகளுக்கு மேலாக விரும்பிப் படிக்கும் ஒரு சாகசக் கதையின் விதை அங்கே அவருக்குக் கிடைத்தது.

அவர் பெயர் ஜாக் லண்டன். பெயரில் லண்டன் இருந்தாலும், அவர் அமெரிக்காக்காரர். அவருடைய வாழ்க்கைக் கதையைத்தான் இந்த வாரம் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

வறுமையில் பிறந்த சிறுவன்

1876ம் ஆண்டு ஜனவரி 12ம் தேதி, அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் பிறந்தார் ஜாக். தாயார் பெயர் புளோரா. ஜாக் கைக்குழந்தையாக இருந்தபோது, ஜான் லண்டன் என்பவரைத் தாயார் திருமணம் செய்து கொண்டார். போரில் பங்கேற்று உடல்நலம் கெட்டிருந்த அந்த நல்ல மனிதரின் பெயரே சிறுவனுக்கும் சேர்ந்து கொண்டது.

தாயாருக்கு உடம்பு சரியில்லாததால், குழந்தையை வளர்த்தவர் வர்ஜீனியா பிரென்டிஸ் என்ற கறுப்பினப் பெண்மணி. அடிமையாக வாழ்ந்து விடுதலை பெற்றவர் அவர். பெற்றால்தான் பிள்ளையா? தன் வாழ்நாள் முழுவதும் அவரை இன்னொரு தாயாகவே நினைத்தார் ஜாக்.

வீட்டில் எப்போதும் பணத் தட்டுப்பாடு. வாடகை கொடுக்க முடியாமல் வீடு மாறிக் கொண்டே இருந்தார்கள். பள்ளிக்குப் போவதற்கு முன்னும், பள்ளி விட்டு வந்த பின்னும் தெருத் தெருவாகச் செய்தித்தாள் போட்டான் சிறுவன் ஜாக். கிடைத்த காசை அப்படியே அம்மாவிடம் கொடுத்து விடுவான்.

புத்தகம் கொடுத்த அம்மையார்

அவனுக்கு ஏறக்குறைய 10 வயதானபோது, ஓக்லாந்து என்ற ஊரில் இருந்த பொது நூலகத்துக்குள் நுழைந்தான். அழுக்குச் சட்டை, கலைந்த தலை. ஆனாலும், அங்கிருந்த நூலகர் அவனை விரட்டவில்லை. அவர் பெயர் ஐனா கூல்பிரித். அவர் ஒரு கவிஞரும்கூட. அவன் எடுத்த புத்தகத்தைப் பார்த்துப் பாராட்டினார். அடுத்து என்ன படிக்கலாம் என்று சொல்லிக் கொடுத்தார்.

அந்த ஒரு பாராட்டு என்ன செய்தது தெரியுமா? ஜாக் சாப்பிடும்போதும் படித்தான், நடக்கும்போதும் படித்தான். கடல் பயணக் கதைகள், தூர தேசத்துக் கதைகள் என்று ஒன்றையும் விடவில்லை. பெரிய எழுத்தாளரான பின்னும் அந்த நூலகரை அவர் மறக்கவே இல்லை.

மணிக்கு 10 சென்ட்!

பதின்மூன்று, பதினான்கு வயதில் பள்ளிப் படிப்பு நின்றது. மேலே படிக்க வைக்க வீட்டில் வசதி இல்லை. உணவுப் பொருட்களை டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலையில் வேலைக்குப் போனான். ஒரு மணி நேரத்துக்கு 10 சென்ட் கூலி. பத்து மணி நேரம் உழைத்தால் 1 டாலர். சில நாட்கள் அதைவிட அதிக நேரமும் இயந்திரத்தின் முன் நிற்க வேண்டி இருந்தது.

இந்த வேலையிலேயே கிடந்தால் மாடாகத் தேய்ந்து போவோம் என்று அவனுக்குத் தோன்றியது. வளர்ப்புத் தாயாரிடம் 300 டாலர் கடன் வாங்கி, ஒரு சிறு பாய்மரப் படகு வாங்கினான். அப்புறம் அவன் செய்த வேலை நல்லதல்ல. பிறருக்குச் சொந்தமான சிப்பிப் படுகைகளில் இரவில் திருட்டுத்தனமாகச் சிப்பி எடுக்கும் கூட்டத்தில் சேர்ந்து விட்டான். பிடிபட்டால் சிறை, உயிருக்கும் ஆபத்து. அதே வயதில் குடிப்பழக்கமும் தொற்றிக் கொண்டது. நல்ல வேளையாகச் சீக்கிரமே திருட்டை விட்டு விட்டு, மீன் திருடர்களைப் பிடிக்கும் ரோந்துப் படையிலேயே வேலைக்குச் சேர்ந்தான்.

1893ம் ஆண்டு, 17 வயதில், கடல்நாய் வேட்டைக்குப் போகும் கப்பலில் மாலுமியாகச் சேர்ந்து ஜப்பான் கடல் பக்கம் போனான். வழியில் பெரும் புயல். அலைகள் மலை போல் எழுந்தன. அந்த நேரத்தில் கப்பலின் சுக்கானைப் பிடிக்கும் பொறுப்பு அவனுக்கு வந்தது. பயந்தாலும் பிடியை விடவில்லை.

முதல் பரிசு யாருக்கு?

ஊர் திரும்பியபோது நாட்டில் கடுமையான பொருளாதார நெருக்கடி. சணல் ஆலை ஒன்றில் மறுபடியும் அதே 10 சென்ட் கூலி! அந்தச் சமயத்தில் சான் பிரான்சிஸ்கோ நாளிதழ் ஒன்று இளைஞர்களுக்குக் கட்டுரைப் போட்டி அறிவித்தது. நீயும் எழுது என்று தூண்டியவர் அம்மா.

பகலெல்லாம் ஆலையில் உழைத்து விட்டு வந்து, கண்கள் சொருகச் சொருக இரவில் உட்கார்ந்து எழுதினான் ஜாக். தான் கண்ட புயலைப் பற்றியே எழுதினான். முதல் பரிசு அவனுக்குத்தான்! 25 டாலர். அதாவது, ஆலையில் 25 நாட்கள் உழைத்தால் கிடைக்கும் பணம். அடுத்த பரிசுகளைப் பெற்றவர்கள் பல்கலைக்கழக மாணவர்கள். ஜாக்கோ தொடக்கக் கல்வியோடு நின்றவன்!

இதில் ஒரு பாடம் இருக்கிறது, குழந்தைகளே. பரிசு பெற்ற கட்டுரையில் இருந்தது அவன் கண்ணால் பார்த்ததும், உடம்பால் அனுபவித்ததும்தான். உங்கள் ஆசிரியர் கட்டுரை எழுதச் சொன்னால், நோட்ஸைப் பார்த்து எழுதாதீர்கள். காவிரியில் தண்ணீர் திறந்து விட்ட அன்று அம்மா மண்டபத்தில் நீங்கள் பார்த்ததை எழுதுங்கள். வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் தம்பியின் கையைக் கெட்டியாகப் பிடித்துக் கொண்டு நின்றதை எழுதுங்கள்.

மீண்டும் பள்ளிக்கு...

அதன் பிறகு ஜாக் கொஞ்ச காலம் நாடோடியாக ரயில்களில் திரிந்தார். 1894ம் ஆண்டு, வேலையும் வீடும் இல்லாமல் திரிந்த குற்றத்துக்காக 30 நாட்கள் சிறையில் அடைத்தார்கள். சிறையில் அவர் கண்ட காட்சிகள் அவரை உலுக்கி விட்டன. படிப்பு இல்லாவிட்டால், உடம்பில் வலு இருக்கும் வரைதான் தனக்கு மதிப்பு; அது போனதும் குப்பையில் வீசி விடுவார்கள் என்று புரிந்து கொண்டார்.

திரும்பி வந்து, 19 வயதில் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில்! அதே பள்ளியில் தரை கூட்டி, ஜன்னல் துடைத்துச் சம்பாதித்தார். 1896ல் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. ஆனால், பணம் இல்லாததால் சில மாதங்களிலேயே படிப்பை விட நேர்ந்தது. சலவைக் கூடத்தில் துணி வெளுக்கும் வேலைக்குப் போனார்.

அப்போதுதான் அந்தச் செய்தி வந்தது!

தங்கமாம் தங்கம்!

கனடாவின் வட மேற்கு மூலையில் யூகான் என்ற பகுதி இருக்கிறது. அங்கே, குளோண்டைக் ஆற்றில் கலக்கும் ஓர் ஓடையில் 1896ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் தங்கம் கண்டுபிடிக்கப்பட்டது. 1897 ஜூலையில் தங்கத்தோடு இரண்டு கப்பல்கள் அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வந்து சேர்ந்தன. அவ்வளவுதான்! கடைக்காரர், ஆசிரியர், போலீஸ்காரர் என்று எல்லாரும் வேலையை விட்டு விட்டுக் கிளம்பினர். ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் புறப்பட்டார்கள் என்று சொல்கிறார்கள்.

ஜாக்கும் 1897 ஜூலை 25ம் தேதி கப்பல் ஏறினார். பணம் எங்கிருந்து வந்தது? அவருடைய அக்காள் எலைசா தன் வீட்டை அடமானம் வைத்துக் கொடுத்தார். அக்காளின் கணவரும் கூடவே வந்தார். அவருக்கு வயது 60க்கு மேல். மலைப் பாதையைப் பார்த்ததும், இது நமக்கு ஒத்து வராது என்று அவர் ஊர் திரும்பி விட்டார். ஜாக் திரும்பவில்லை.

சில்கூட் கணவாய்

கடற்கரையில் இருந்து உள்நாட்டு ஏரிகளுக்குப் போக, சில்கூட் கணவாயைக் கடக்க வேண்டும். அதன் உச்சி கடல் மட்டத்தில் இருந்து 1,000 மீட்டருக்கும் மேல். கடைசி ஏற்றம் மட்டும் சுமார் 300 மீட்டர், மிகவும் செங்குத்தான சரிவு. ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தின் உயரம் 72 மீட்டர். நான்கு ராஜகோபுரங்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் வரும் உயரம் அது!

யூகானில் வந்தவர்கள் எல்லாருக்கும் போதுமான உணவு கிடையாது. ஓர் ஆண்டுக்கான உணவைத் தானே எடுத்துப் போகாதவர் பட்டினியால் சாக வேண்டியதுதான். மாவு, பீன்ஸ், உப்பு, கூடாரம், கோடரி, ரம்பம், ஆணி என்று எல்லாம் சேர்ந்து ஒருவருக்கு ஏறக்குறைய 900 கிலோ. கழுதை, குதிரை ஏற முடியாத இடத்தில் மனிதன்தான் சுமக்க வேண்டும்.

இப்போது ஒரு கணக்கு. 900 கிலோவை 45 கிலோ மூட்டைகளாகக் கட்டினால் எத்தனை மூட்டை? 20. இருபது முறை சுமையோடு முன்னே போக வேண்டும். 19 முறை வெறுங்கையோடு திரும்ப வேண்டும். ஆக மொத்தம் 39 நடை. பாதையின் நீளம் 53 கிலோமீட்டர். கணக்குக்காக முழு வழியையும் நடந்ததாக வைத்துக் கொண்டால், 39ஐ 53ஆல் பெருக்குங்கள். 2,067 கிலோமீட்டர் வரும்! திருச்சியில் இருந்து சென்னைக்கு மூன்று முறை நடந்தே போய் வந்ததற்குச் சமம்.

காசு உள்ளவர்கள் அந்த மண்ணின் மக்களான டிலிங்கிட் பழங்குடியினரைக் கூலிக்கு அமர்த்திக் கொண்டார்கள். மலை ஏறுவதில் அவர்கள் கெட்டிக்காரர்கள். ஜாக்கிடம் அவ்வளவு காசு இல்லை. அவரே சுமந்தார். முதலில் தடுமாறினார். சில வாரங்களில் பழங்குடிச் சுமையாளர்களுக்கு ஈடு கொடுக்கும் அளவுக்குத் தேறி விட்டார்.

கணவாயைக் கடந்ததும் மரங்களை வெட்டி, பலகை அறுத்து, நண்பர்களோடு சேர்ந்து ஒரு படகு செய்தார். ஏரிகளைக் கடந்து, யூகான் ஆற்றில் இறங்கினார்கள். வழியில் வெள்ளைக் குதிரை என்று பெயர் பெற்ற நீர்ச்சுழல் பாய்ச்சல் ஒன்று. நுரை பொங்கும் அலைகள் குதிரையின் பிடரி போல் இருக்குமாம். பல படகுகள் அங்கே உடைந்து போயின. சிறு வயதில் கற்ற படகோட்டும் வித்தை இப்போது கை கொடுத்தது. தன் படகைப் பத்திரமாகக் கடத்தியதோடு, பிறருக்கும் கடத்திக் கொடுத்தார் ஜாக்.

பனிக்குள் ஒரு குடில்

ஆறு உறைவதற்குள் ஸ்டூவர்ட் ஆறு கலக்கும் இடத்துக்கு அருகில் ஒரு மரக்குடிலில் தங்கினார்கள். பிறகு வந்தது வட துருவக் குளிர்காலம்.

நம் வீட்டு ஃபிரிட்ஜில் ஐஸ் கட்டி உறையும் அறையில் வெப்பநிலை சுமார் மைனஸ் 18 டிகிரி. அங்கே திறந்த வெளியிலேயே மைனஸ் 50 டிகிரிக்குப் போகும்! அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரி வெயிலில் வாடும் திருச்சிக்காரர்களுக்கு அது கற்பனைக்கும் எட்டாத குளிர். பாதரசம்கூட மைனஸ் 39 டிகிரியில் கட்டியாகி விடும். டிசம்பரில் பகல் பொழுது சுமார் 4 மணி நேரம்தான். மற்ற நேரமெல்லாம் இருட்டு.

கையுறையைக் கழற்றினால் சில நிமிடங்களில் விரல் மரத்துப் போகும். நெருப்பு அணைந்தால் உயிர் போகும். அதனால், தீக்குச்சி அங்கே தங்கத்தைவிட உயர்ந்த பொருள்.

தங்கம் தோண்ட முடியாத அந்த நீண்ட இரவுகளில் ஜாக் என்ன செய்தார்? மூட்டையோடு மூட்டையாகச் சுமந்து வந்திருந்த புத்தகங்களைப் படித்தார். டார்வினின் நூலும், மில்டனின் காவியமும் அவற்றில் இருந்தன. குடிலுக்கு வருகிறவர்கள் சொல்லும் கதைகளைக் காது கொடுத்துக் கேட்டார். வேட்டைக்காரர்கள், பழங்குடியினர், தபால் கொண்டு போகிறவர்கள், நாய் வண்டி ஓட்டுகிறவர்கள் என்று எத்தனையோ பேர்! டாசன் நகரில் பாண்டு என்ற சகோதரர்களின் பழக்கமும் கிடைத்தது. அவர்களிடம் ஒரு பெரிய நாய் இருந்தது. அதன் பெயரும் ஜாக்! இந்த நாயை ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள்.

ஒரு குடிலின் மரச்சுவரில், 1898 ஜனவரி 27ம் தேதியிட்டு, தன் பெயரை எழுதி, பக்கத்தில் சுரங்கக்காரர், எழுத்தாளர் என்றும் எழுதி வைத்தார் ஜாக். அப்போது அவர் பெயர் பெற்ற எழுத்தாளராக இருக்கவில்லை! ஆனாலும், தான் எழுத்தாளர்தான் என்று அவர் முடிவு செய்து விட்டார். 1960களில் அந்த மரத்துண்டையும் குடிலையும் தேடிக் கண்டுபிடித்தார்கள். குடிலின் மரங்களைப் பிரித்து, இரண்டு குடில்கள் கட்டினார்கள். ஒன்று டாசனில் இருக்கிறது. இன்னொன்று அவர் வளர்ந்த ஓக்லாந்தில் இருக்கிறது.

நெல்லிக்காய் இல்லாத ஊர்

வசந்தம் நெருங்கியபோது ஜாக்கின் ஈறுகள் வீங்கின. பற்கள் ஆடின. முகத்தில் புண்கள். கால்கள் மடங்கிப் போயின. அது ஸ்கர்வி நோய். மாதக்கணக்கில் மாவையும், பீன்ஸையும், பன்றி இறைச்சியையும் மட்டும் தின்றதால், வைட்டமின் சி இல்லாமல் வந்த வினை. நம் ஊரில் பள்ளி வாசலில் உப்பு மிளகாய்த் தூள் தடவி விற்கிறார்களே நெல்லிக்காய், அது தினம் ஒன்று கிடைத்திருந்தால் அந்த நோய் அவர் பக்கம் வந்திருக்காது. ஊசியிலை மரத்தின் இலைகளைக் கொதிக்க வைத்துக் குடித்தால் இந்த நோய் தீரும் என்று வட நாட்டுப் பழங்குடியினர் நீண்ட காலமாகவே அறிந்திருந்தார்கள். தங்கம் தேடி வந்தவர்களில் பலர் அதைக் கேட்டுத் தெரிந்து கொள்ளவில்லை.

இனியும் இருந்தால் சாவுதான். 1898 ஜூன் மாதம், பனி உருகியதும், இரண்டு நண்பர்களோடு சிறு படகில் யூகான் ஆற்றின் வழியே கடலை நோக்கிப் புறப்பட்டார். சுமார் 2,400 கிலோமீட்டர்! நம் காவிரியின் நீளம் 800 கிலோமீட்டர். மூன்று காவிரியின் தூரத்தை, நோயோடு, கொசுக் கடியோடு, மூன்று வாரங்களில் கடந்தார். வழியில் கிடைத்த உருளைக்கிழங்கும் தக்காளியும் அவருக்கு அமுதமாக இருந்தன. பிறகு கப்பலில் கரி அள்ளிப் போடும் வேலை செய்து ஊர் வந்து சேர்ந்தார்.

கையில் இருந்த தங்கத் தூளின் மதிப்பு எவ்வளவு? நாலரை டாலர்! அக்காள் வீட்டை அடமானம் வைத்துக் கொடுத்த பணத்துக்கு, அவ்வளவுதான் மிச்சம். வீட்டுக்குள் நுழைந்தால் இன்னொரு இடி. அவர் வட நாட்டில் இருந்தபோதே வளர்ப்புத் தந்தை இறந்து விட்டார். குடும்பப் பொறுப்பு முழுவதும் ஜாக்கின் தலையில்.

தபால்காரர் வேலையா, எழுத்தா?

வேலை எதுவும் கிடைக்கவில்லை. தபால்காரர் வேலைக்கான தேர்வு எழுதி விட்டுக் காத்திருந்தார். கூடவே கதைகளும் எழுதத் தொடங்கினார். எழுதி அனுப்பியவை எல்லாம் திரும்பி வந்தன. ஒன்றல்ல, இரண்டல்ல, நூற்றுக்கணக்கில்! தபால் தலை வாங்கக் காசில்லாமல் சைக்கிளை அடகு வைத்தார். நல்ல உடுப்பையும் அடகு வைத்தார். ஆனாலும் ஒரு வழக்கத்தை விடவில்லை. தினமும் ஆயிரம் சொற்கள் எழுத வேண்டும். உடம்பு சரியில்லை, மனசு சரியில்லை என்ற சாக்குக்கே இடம் இல்லை.

1899 ஜனவரியில் அவருடைய முதல் வட நாட்டுக் கதை ஒரு மாத இதழில் வெளியானது. சன்மானம் வெறும் 5 டாலர்! மனம் உடைந்து போனார். அதே சமயம், இன்னொரு பத்திரிகை 40 டாலர் அனுப்பி அவரைக் காப்பாற்றியது.

இந்த நிலையில்தான், 1900ன் தொடக்கத்தில், தபால்காரர் வேலைக்கு அழைப்பு வந்தது. யோசித்துப் பாருங்கள். மாதா மாதம் நிச்சயமான சம்பளம். வீட்டிலோ வறுமை. எழுத்தில் வருமானம் வருமா, வராதா என்று தெரியாது. நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? ஜாக் தாயாரிடம் கேட்டார். எழுத்தைத் தொடரச் சொன்னார் அந்தத் தாய். ஜாக் வேலையை வேண்டாம் என்று சொல்லி விட்டார். அந்த ஆண்டே அவருடைய முதல் சிறுகதைத் தொகுப்பு வெளிவந்தது.

பக் என்ற நாய்

1902ன் கடைசியில் ஒரு நாய்க் கதை எழுத உட்கார்ந்தார். அதற்கு முன் பொல்லாத நாய் ஒன்றைப் பற்றி எழுதி இருந்தார். நாய் இனத்துக்கே கெட்ட பெயர் வந்து விடக் கூடாது என்று, ஒரு நல்ல நாயின் கதையையும் எழுத நினைத்தார். 4,000 சொற்களில் முடிக்கத்தான் திட்டம். எழுத எழுத அது 32,000 சொற்களாக வளர்ந்தது!

கதையின் நாயகன், பக் என்ற நாய். பாண்டு சகோதரர்களின் நாயை ஞாபகம் வைத்துக் கொள்ளச் சொன்னேனே, அதைப் பார்த்துத்தான் பக்கைப் படைத்தார். கலிபோர்னியாவில் ஒரு நீதிபதியின் வீட்டில் ராஜா போல் வாழ்கிறது பக். தோட்டக்காரனின் உதவியாள் ஒருவன் சூதாட்டக் கடனுக்காக அதைத் திருடி விற்று விடுகிறான். தடியடி வாங்கி, கூண்டில் அடைபட்டு, பனி நாட்டுக்கு வந்து சேர்கிறது. சறுக்கு வண்டி இழுக்க வேண்டும். பனியைத் தோண்டி அதற்குள் சுருண்டு படுத்தால்தான் இரவில் உயிர் தப்பலாம் என்பதை மற்ற நாய்களைப் பார்த்துக் கற்றுக் கொள்கிறது. கொடுமைக்கார எஜமானர்களும் வருகிறார்கள். உயிரையே வைக்கும் ஜான் தார்ன்டன் என்ற நல்லவரும் வருகிறார். ஆனால், காட்டுக்குள் இருந்து ஏதோ ஒரு குரல் பக்கை அழைத்துக் கொண்டே இருக்கிறது. கடைசியில் அது மனிதனோடு இருந்ததா, காட்டுக்குப் போனதா? நான் சொல்ல மாட்டேன். நீங்களே படியுங்கள்!

1903 ஜூலையில் புத்தகம் வெளியானது. முதல் பதிப்பு 10,000 பிரதிகளும் முதல் நாளே விற்றுத் தீர்ந்தன. ஆனால், புத்தக உரிமையை 2,000 டாலருக்கு மொத்தமாக எழுதிக் கொடுத்து விட்டதால், பின்னால் லட்சக்கணக்கில் விற்றபோது அவருக்குப் பங்கு வரவில்லை.

தமிழில் தந்தவர்

இந்தக் கதையை நம் தமிழில், கானகத்தின் குரல் என்ற பெயரில் மொழிபெயர்த்தவர் யார் தெரியுமா? பெ.தூரன். ஈரோடு மாவட்டத்து மஞ்சக்காட்டுவலசு என்ற சிற்றூரில் 1908ம் ஆண்டு பிறந்தவர். பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர். தமிழின் முதல் கலைக்களஞ்சியத்துக்கு முதன்மை ஆசிரியராக இருந்து 10 தொகுதிகளை உருவாக்கினார். அதோடு நிற்காமல், உங்களைப் போன்ற குழந்தைகளுக்கென்றே தனியாக 10 தொகுதிகளில் குழந்தைகள் கலைக்களஞ்சியமும் தந்தார். 1968ல் பத்மபூஷண் விருது பெற்றார். அவ்வளவு பெரிய வேலைகளுக்கு நடுவிலும், ஒரு பனி நாட்டு நாயின் கதை தமிழ்ப் பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டும் என்று உழைத்திருக்கிறார் பாருங்கள்!

ஒரே தலைப்பில் இரண்டு கதைகள்

ஜாக் லண்டன் தீ மூட்டுவதைப் பற்றி ஒரே தலைப்பில் இரண்டு கதைகள் எழுதினார். முதல் கதை, 1902ல் ஒரு சிறுவர் பத்திரிகையில் வந்தது. கடும் குளிரில் தனியாகப் போகும் இளைஞன், கை விரல்கள் மரத்துப் போன நிலையிலும் போராடித் தீ மூட்டிப் பிழைத்துக் கொள்கிறான். இனித் தனியாகப் போகக் கூடாது என்ற பாடத்தையும் கற்கிறான்.

ஆறு ஆண்டுகள் கழித்து, 1908ல், பெரியவர்களுக்காக அதையே வேறு விதமாக எழுதினார். இதில் வருகிறவன், அனுபவம் மிக்க ஒரு கிழவர் சொன்ன புத்திமதியைக் கேட்டுச் சிரித்தவன். அவசரத்தில் மரத்தடியில் தீ மூட்டுகிறான். கிளையில் இருந்த பனி பொத்தென்று விழுந்து தீயை அணைத்து விடுகிறது. அவன் பிழைக்கவில்லை. கூட வந்த நாய் மட்டும் பிழைக்கிறது. குளிரைப் பற்றி நாய்க்கு இருந்த அறிவு அவனுக்கு இல்லை. பெரியவர்கள் வேண்டாம் என்று சொல்லும் மடுவில் கொள்ளிடத்தில் இறங்கிக் குளிக்க நினைக்கும் பிள்ளைகள் இந்தக் கதையை ஒரு முறை நினைத்துக் கொள்ள வேண்டும்.

குறையும் நிறையும்

ஜாக் லண்டன் 1906ல் வெண்ணிறக் கோரைப் பல் கொண்ட ஓநாய்க் கலப்பு நாயின் கதையை எழுதினார். 1907ல் தான் கட்டிய சிறு கப்பலில் தென் கடல் தீவுகளுக்குப் போனார். 1,400 ஏக்கர் பண்ணையில், சரிவு நிலங்களைப் படிக்கட்டு வயல்களாக்கி விவசாயம் செய்தார். ஆசை ஆசையாகக் கட்டிய பெரிய மாளிகை, குடி புகுவதற்கு முன்பே 1913ல் தீக்கிரையானது.

அவரிடம் குறைகளும் இருந்தன. சிறு வயதில் பிடித்த குடி அவர் உடம்பை அரித்தது. அதன் கேட்டைப் பற்றி அவரே ஒரு புத்தகம் எழுதினார். அந்தக் காலத்து வெள்ளையர் பலரைப் போலவே, தம் இனமே உயர்ந்தது என்ற தவறான எண்ணமும் அவர் எழுத்தில் சில இடங்களில் தெரியும். தங்கம் தேடி வந்த கூட்டத்தால், அந்த மண்ணுக்குச் சொந்தக்காரர்களான ட்ரான்டெக் ஹ்வெச்சின் மக்கள் தங்கள் மீன்பிடி ஊரையே விட்டு வெளியேற நேர்ந்தது. இந்த வரலாற்றையும் சேர்த்துத்தான் 2023ல் குளோண்டைக் பகுதியை உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ அறிவித்தது. ஒரு புத்தகத்தை ரசிக்கும்போதே, அதில் சொல்லாமல் விடப்பட்டவர்களைப் பற்றியும் நாம் கேட்டுத் தெரிந்து கொள்ள வேண்டும்.

சிறுநீரக நோயால் வாடிய ஜாக் லண்டன், 1916ம் ஆண்டு நவம்பர் 22ம் தேதி காலமானார். அப்போது வயது 40தான். ஆனால், அதற்குள் 50க்கும் மேற்பட்ட புத்தகங்கள் எழுதி இருந்தார். நாளைக்கு ஆயிரம் சொல் என்ற கணக்கு செய்த மாயம் அது!

குழந்தைகளே! குளோண்டைக்கில் தங்கம் எடுத்தவர்களில் பலருடைய பெயர்கூட இன்று நமக்குத் தெரியாது. நாலரை டாலரோடு திரும்பியவரின் கதையை நாம் பேசிக் கொண்டிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை தொலைக்காட்சியைக் கொஞ்சம் அணைத்து விட்டு, அப்பாவையோ தாத்தாவையோ அழைத்துக் கொண்டு உங்கள் ஊர் நூலகத்துக்குப் போங்கள். பெ.தூரன் தந்த கானகத்தின் குரல் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் வரவழைக்கச் சொல்லுங்கள். படித்து முடித்ததும் ஒரு பழைய நோட்டை எடுத்து, அன்று நீங்கள் பார்த்த ஒன்றைப் பற்றிப் பத்தே வரி எழுதுங்கள். மறுநாளும் எழுதுங்கள். ஒரு மாதம் விடாமல் எழுதி விட்டு, முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் உங்களுக்கே தெரியும்!